கடலடியில் ஒரு பீங்கான் தட்டு



உங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு பீங்கான் தட்டாவது இருக்கும். வெள்ளைத் தட்டு; ஓரத்தில் நீலக் கோடு, நடுவில் ஒரு பூ. சம்பள நாளில் டவுனுக்குப் போனபோது சீனர் கடையில் வாங்கியதாக இருக்கலாம். பாட்டி காலத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அது கை தவறி விழுந்து உடைந்தால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகள் காலில் குத்திவிடுமே என்று துண்டுகளைப் பொறுக்கி, குழியில் போட்டு மூடிவிடுகிறோம். அத்தோடு அந்தத் தட்டின் கதை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம்.

முடிவதில்லை, நேயர்களே. மரம் மக்கிப் போகும். துணி இற்றுப் போகும். இரும்பு துருவாய்க் கரையும். பீங்கான் துண்டு மட்டும் அறுநூறு, எழுநூறு ஆண்டு ஆனாலும் தன் நீலப் பூவோடு அப்படியே கிடக்கும். அப்படிக் கிடந்த துண்டுகள் ஒரு நாட்டின் வரலாற்றையே திருத்தி எழுத உதவியிருக்கின்றன. அவை கிடந்த இடம் சிங்கப்பூர்க் கடலின் அடித்தரை. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நம்மில் பலர் சிங்கப்பூருக்குப் போய் வந்திருக்கிறோம். போனால் முதலில் தேக்காவுக்குப் போவோம். சிராங்கூன் சாலையில் பூக்கடை, நகைக்கடை, வீரமாகாளியம்மன் கோவில் எல்லாம் பார்ப்போம். சந்தையில் மீன் வாங்குவோம். ஊர் திரும்பியதும், சிங்கப்பூரைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் சிங்கப்பூரின் ஒரு பகுதி கரையை விட்டு வெகு தொலைவில், கடலுக்குள்ளே இருக்கிறது. அதன் பெயர் பெட்ரா பிராங்கா. போர்த்துக்கீசிய மொழியில் வெள்ளைப் பாறை என்று பொருள். மலாய்க்காரர்களும் அதே பொருளில் பத்து பூத்தே என்கிறார்கள். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்துப் போனதால் வந்த பெயர் அது.

அந்தப் பாறை சிங்கப்பூருக்குக் கிழக்கே சுமார் 44 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜொகூர்க் கரையிலிருந்து பார்த்தால் சுமார் 14 கிலோமீட்டர்தான். சீனக் கடலிலிருந்து வரும் கப்பல்கள் சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் வாசலில், நிலைப்படி போல அது நிற்கிறது. நீரோட்டமோ கடுமையானது. இரவில், மழை மூட்டத்தில், பாறை இருப்பது தெரியாமல் மோதிய கப்பல்கள் பல. அதனால்தான் 1850ஆம் ஆண்டில் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டத் தொடங்கினார்கள். புலாவ் ஊபின் தீவின் கருங்கல்லைக் கொண்டு கட்டி, 1851ஆம் ஆண்டில் விளக்கேற்றினார்கள். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் என்பது அதன் பெயர். இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூரின் தெற்கே கட்டப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தில், கல் உடைத்தவர்களும் கல் செதுக்கியவர்களும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். விளக்கின் பெயரில் ராஃபிள்ஸ் இருக்கிறார். கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

2015ஆம் ஆண்டு பெட்ரா பிராங்கா அருகே இரண்டு முக்குளிப்பாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். கடலடியில் கிடந்த பொருள்களை மீட்பதற்காகக் கூலிக்கு இறங்கியவர்கள். அங்கே அவர்கள் கண்ணில் பட்டவை பீங்கான் தட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, கடையில் அடுக்கி வைத்தது போல இருந்தன. ஆளில்லாத பாறையருகே இத்தனை தட்டுகள் எப்படி வரும்?

அந்த இருவருக்கும் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தட்டுகளை ரகசியமாக எடுத்து விற்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அல்லது தெரிந்தவரிடம் போய்ச் சொல்லலாம். அவர்கள் போய்ச் சொன்னார்கள். அந்த ஒரு செயலால் என்ன விளைந்தது என்று கேளுங்கள்.

சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகமும், ஐசியாஸ் - யூசோஃப் இஷாக் ஆய்வுக் கழகமும் சேர்ந்து பணியில் இறங்கின. கடல் தொல்லியலாளர் மைக்கல் ஃப்ளெக்கர் அகழாய்வை நடத்தினார். பாறைக்கு வடமேற்கே சுமார் 100 மீட்டரில் கிடந்த முதல் கப்பலை 2016 முதல் 2019 வரை ஆராய்ந்தார்கள். அந்த வேலை முடியும் தறுவாயில், 2019இல், பாறைக்குக் கிழக்கே சுமார் 300 மீட்டரில் இரண்டாவது கப்பல் ஒன்றும் தெரியவந்தது. அதன் ஆய்வு 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முடிந்தது. சிங்கப்பூர்க் கடலில் பழங்காலக் கப்பல்கள் இவ்வாறு முறையாக ஆராயப்பட்டது அதுவே முதல் தடவை.

முதல் கப்பலுக்கு ஆய்வாளர்கள் தெமாசெக் கப்பல் என்று பெயரிட்டார்கள். தெமாசெக் என்பது சிங்கப்பூரின் பழைய பெயர். அந்தக் கப்பல் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனாவில் யுவான் வம்சத்து அரசர்கள் ஆண்ட காலம் அது. கிடைத்த பீங்கான் துண்டுகளின் எடை சுமார் மூன்றரை டன். அவற்றில் நீலமும் வெள்ளையுமான பீங்கான் மட்டும் 136 கிலோ. யுவான் காலத்து நீலவெள்ளைப் பீங்கான் இத்தனை அளவில், இதுவரை பதிவான வேறு எந்த மூழ்கிய கப்பலிலும் கிடைத்ததில்லை.

சரி, இதனால் நமக்கு என்ன தெரிகிறது? சிங்கப்பூர் என்றால் 1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வந்து இறங்கியதிலிருந்துதான் வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன் வெறும் மீன்பிடி கிராமம் என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 1984ஆம் ஆண்டு பேராசிரியர் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங் குன்றில் மண்ணைத் தோண்டினார். அங்கே பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் கிடைத்தன. அப்படியானால் அன்றே அங்கு வசதியாக வாழ்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கரையில் தட்டு கிடைத்துவிட்டது. அந்தத் தட்டை ஏற்றி வந்த கப்பல்தான் கிடைக்காமல் இருந்தது. சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து அத்தகைய ஒரு கப்பலும் கடலில் கிடைத்தது. சீனத்தின் குவான்சோ துறைமுகத்திலிருந்து தெமாசெக்கை நோக்கி வந்த சீனக் கப்பலாக அது இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. கரைக்கு இன்னும் அரை நாள் ஓட்டம்கூட இருந்திராது. வாசற்படியில் வந்து தடுக்கி விழுந்துவிட்டது.

இரண்டாவது கப்பலின் கதை நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் பெயர் ஷா முஞ்செர். 1789ஆம் ஆண்டு பம்பாயில் கட்டப்பட்ட இந்தியக் கப்பல். 1796ஆம் ஆண்டு சீனாவில் சரக்கேற்றிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் அந்த வெள்ளைப் பாறை அருகே மூழ்கியது. ராஃபிள்ஸ் வருவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பு! அதிலிருந்து பலவகைப் பீங்கான்கள், செப்புக் கலவைப் பொருள்கள், கண்ணாடிப் பொருள்கள், நான்கு நங்கூரங்கள், ஒன்பது பீரங்கிகள் ஆகியவை கிடைத்தன. போர்க்கப்பலா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் வணிகக் கப்பல்களும் கொள்ளையருக்கு அஞ்சியும், சைகை வெடி வெடிப்பதற்கும் பீரங்கி வைத்திருந்தன.

அப்படிப்பட்ட கப்பல்களில் பாய் கட்டியவர்களும் கயிறு இழுத்தவர்களும் பெரும்பாலும் லஷ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகள். அவர்களில் இந்தியக் கரைகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். பாய்மரத்தின் உச்சியில் ஏறியவர்கள் அவர்கள். கப்பல் உடைந்தால் முதலில் நீரில் விழுந்தவர்களும் அவர்களே.

இங்கே உங்களில் ஒருவர் கேட்கலாம்: "ஐயா, தட்டு கிடைத்தது, பீரங்கி கிடைத்தது என்கிறீர்களே, கப்பல் எங்கே?" நல்ல கேள்வி. தெமாசெக் கப்பலின் மரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதைத் தின்றவர் யார் என்பதைச் சொல்கிறேன்.

லயத்து வீட்டுக் கதவு நிலையில் கறையான் ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பார்த்தால் மரம் மரமாகத்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். கடலுக்குள்ளும் அப்படி ஒரு கறையான் உண்டு. கப்பல் புழு என்று அதைச் சொல்வார்கள். பெயர்தான் புழு, உண்மையில் அது நாம் சந்தையில் வாங்கும் மட்டி, கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்தது. நீண்ட மெல்லிய உடம்பு. தலைப்பக்கம் இரண்டு சிறு ஓடுகள். அந்த ஓடுகளை அரம் போலத் தேய்த்து மரத்தைக் குடைந்துகொண்டே உள்ளே போகும். போகும் வழிக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். அரைத்த மரத்தூளைத் தன் உடம்பில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் செரித்துக்கொள்ளும். வெளியே ஊசித்துளை; உள்ளே சல்லடை. இதற்கு அஞ்சித்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கினார்கள்.

நம் கடல் எப்போதும் வெதுவெதுப்பானது. இத்தகைய நீரில் கப்பல் புழு வேகமாக வளரும், வேகமாகப் பெருகும். மணலும் சேறும் மூடிக் காத்த பகுதி மட்டும் தப்பும். காற்றுப் புகாத இடத்தில் அதற்கு வாழ்வில்லை. அலையும் நீரோட்டமும் ஓயாமல் வாரிக்கொண்டு போகும் பெட்ரா பிராங்காவில் மூடிக் காக்க மணல் ஏது?

குளிர்ந்த கடல்களில் நிலைமை வேறு. சுவீடன் நாட்டு அரசருக்காகக் கட்டிய வாசா என்ற போர்க்கப்பல், 1628ஆம் ஆண்டு முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961ஆம் ஆண்டில் அதைத் தூக்கினார்கள். மரச்சிற்பங்கள்கூட அழியாமல் வந்தன. பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. கப்பல் புழுவுக்கு அந்த நீர் ஒத்துக்கொள்ளாது. தென்துருவக் கடலில் 1915ஆம் ஆண்டு பனிக்கட்டியால் நொறுங்கி மூழ்கிய எண்டியூரன்ஸ் என்ற கப்பலை, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். கப்பலின் பின்புறத்தில் அதன் பெயரைப் படிக்க முடிந்தது! மரமே முளைக்காத பனிக்கண்டம் அது. மரம் தின்னும் பிராணிக்கு அங்கே பிழைப்பில்லை. ஆனால் உயிர்கள் இல்லாமலில்லை. பூவைப் போல விரியும் கடற்சாமந்திகளும், கடற்பஞ்சுகளும், நட்சத்திர மீன்களும் அந்தக் கப்பலின் மேல் குடியேறியிருந்தன. கண்டவர்கள் ஓர் ஆணியைக்கூட எடுக்கவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்ற விரிகுடா இருக்கிறது. 1919ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. அன்று மூழ்கியவை 52. பிறகு பெரும்பாலானவற்றைத் தூக்கி இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஏழு கப்பல்கள் இன்றும் கிடக்கின்றன. அவற்றைக் காண முக்குளிப்பாளர்கள் போகிறார்கள். கேமரன் மலையில் விடியற்காலைக் குளிரை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், பல் தந்தியடிக்கும். அந்தக் கடல் கோடையிலும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். நீர் உள்ளே புகாத தடித்த உடையை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அங்கே இரும்பின் மேல் வெளிறிய விரல்களைப் போல ஒரு மென்பவளம் வளர்ந்து கிடக்கும். செத்தவன் விரல் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் நடுவே மீன்கள் உலவும்.

நம் வெப்பக் கடலிலும் இந்தக் குடியேற்றம் நடக்கும். இன்னும் வேகமாக, இன்னும் வண்ணமாக. கடலில் காலிமனை என்பது கிடையாது. ஒரு பீரங்கி அடித்தரையில் விழுந்தால், முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன் மேல் வழவழப்பாகப் படியும். அடுத்துப் பாசி. பிறகு கொட்டலசு, சிப்பி. பிறகு பவளம். பவளம் கல் அன்று, நேயர்களே. சிறு சிறு உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டும் குடியிருப்பு அது. நம் லயத்தைப் போல, அடுத்தடுத்து வீடுகள், ஒரே சுவர். நீரோட்டம் இரை கொண்டுவரும் இடத்தில் கடல் விசிறிகள் விரியும். சிறு மீன்கள் பொந்துகளில் ஒளியும். அவற்றைத் தேடிக் களவாய் மீன் வரும். அஞ்சாலை தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். மனிதனுக்குச் சாவு வந்த இடம் மீனுக்கு ஊராகிவிடும்.

இந்தப் பவளம் தட்டுகளுக்குக் கவசமும் ஆகும், விலங்கும் ஆகும். சுண்ணாம்பு இறுகிப் பீங்கானைப் பாறையோடு பிணைத்துவிடும். அவசரக்காரன் கடப்பாரையால் நெம்பினால் தட்டும் போகும், பவளமும் போகும். அறிந்தவர்கள் பொறுமையாக வேலை செய்வார்கள். முதலில் அடித்தரையை அளந்து, எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொள்வார்கள். தட்டு எந்த அடுக்கில் இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. குடும்ப அட்டையிலிருந்து ஒரு பெயரை மட்டும் கிழித்து எடுத்தால் அது யாருடைய பிள்ளை என்று தெரியுமா? இடம் தெரியாத பொருளும் அப்படித்தான். அழகாக இருக்கும், ஆனால் பேசாது.

மேலே கொண்டுவந்த பிறகும் வேலை முடியாது. நூற்றுக்கணக்கான ஆண்டு உப்புநீரில் ஊறிய பாத்திரத்தை அப்படியே வெயிலில் காயவிட்டால், உள்ளே இருக்கும் உப்பு பூத்துக்கொண்டு வெளிவரும். கடலோர வீட்டுச் சுவர் காரை பெயர்வதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தின் மெருகும் அப்படி உரிந்துவிடும். ஆகையால் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவார்கள். கருவாட்டை ஊறவைத்து உப்பை எடுக்கிறோமே, அந்த முறைதான். இரும்புப் பீரங்கியைக் காரநீரில் வைத்து, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, பல மாதம், சில வேளை பல ஆண்டு பக்குவம் செய்வார்கள். இதற்கெல்லாம் வசதி இல்லாதவன் எடுத்தால் கையில் மிஞ்சுவது துருத்தூள்தான்.

இனி, கண்டெடுத்த கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடல் அட்டை எடுக்க முக்குளித்தவர்கள் ஒரு கப்பலைக் கண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் அது. இரும்பு ஆணி இல்லாமல், பலகைகளை நார்க்கயிற்றால் தைத்துக் கட்டியது. சுமார் 60,000 சீனப் பாண்டங்கள் அதிலிருந்து கிடைத்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சமமான ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. 2005ஆம் ஆண்டு ஏறக்குறைய 3 கோடி 20 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அந்தப் பொருள்களைச் சிங்கப்பூர் வாங்கியது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் அவற்றைக் காணலாம். ஆனால் அந்தக் கப்பலை முதலில் வியாபார நோக்கில் தோண்டினார்கள் என்ற குறை எழுந்தது. அதன் காரணமாக 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்தப் பொருள்களின் கண்காட்சியை நடத்தாமல் கைவிட்டது. இலங்கையின் தென்கரையில் கோடவாய என்ற இடத்திலும் அப்படியே. இந்துமாக்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழமையானது என்று கருதப்படும் கப்பல் அங்கே கிடக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அதைக் கண்டு சொன்னவர்கள் சங்கு குளிக்கப் போனவர்கள்.

பார்த்தீர்களா? அட்டை எடுப்பவர், சங்கு குளிப்பவர், கூலிக்கு முக்குளிப்பவர். வரலாற்றை முதலில் தொடுவது உழைக்கிறவன் கைதான். பேராசிரியர் பின்னால்தான் வருகிறார்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை, இரண்டே நாளில் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. சுமார் 840 பேர் மாண்டார்கள். அந்தக் கப்பல்கள் அவர்களுக்குக் கல்லறை. பவளமும் மீனும் அந்தக் கல்லறைக்குப் பூச்சாத்தி வந்தன. பிறகு இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டவர்கள் வந்து பெயர்த்தெடுத்தார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதம் ஜொகூர் அருகே பிடிபட்ட ஒரு கப்பலில் பழைய இரும்பும் பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. அவை இந்தக் கப்பல்களிலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. கப்பல் புழு மரத்தைத்தான் தின்னும். பேராசை இரும்பையும் தின்னும், எலும்பையும் தின்னும்.

நேயர்களே, கடலில் நடப்பது தோட்டத்திலும் நடக்கும். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் படையெடுத்த கடாரம் அந்த வட்டாரம்தான் என்பார்கள். அங்கே சுங்கை பத்துவில், செம்பனை மரங்களுக்கு நடுவே, பழங்கால இரும்புருக்கு உலைகளை 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்தார்கள். அதே பள்ளத்தாக்கில் பதினோராம் எண் கொண்ட பழைய கோவில் அடித்தளம் ஒன்றை, வீடு கட்ட நிலம் திருத்தியவர்கள் இடித்துவிட்டார்கள் என்ற செய்தி 2013ஆம் ஆண்டு வெளியானது. ஆயிரம் ஆண்டு நின்றது. இயந்திரத்துக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

ஆகவே வாய்க்கால் வெட்டும்போதோ, மறுநடவுக்குக் குழி தோண்டும்போதோ பழைய செங்கல், மணி, பானை ஓடு, காசு ஏதாவது தென்பட்டால் என்ன செய்வது? முதலில் மண்வெட்டியை நிறுத்துங்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். அடையாளக் குச்சி ஒன்று நடுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுங்கள். மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லுங்கள். மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், இப்படிக் கிடைப்பவற்றை அறிவிக்க வேண்டும் என்கிறது. மாவட்ட அதிகாரியிடம் சொல்லலாம். பள்ளிக்கூட ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். படிக்காதவன் சொன்னால் கேட்பார்களா என்று தயங்க வேண்டாம். பெட்ரா பிராங்காவில் அந்த இருவர் தயங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

முன்பு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கலங்கரை விளக்கத்துக்குக் கல் உடைத்தவர்களின் பெயர் இல்லை. ஷா முஞ்செர் கப்பலின் பெயர் இருக்கிறது. கட்டிய ஆண்டு இருக்கிறது. மூழ்கிய ஆண்டு இருக்கிறது. பீரங்கி எத்தனை என்ற கணக்கும் இருக்கிறது. அதில் கயிறு இழுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும் பொருள் எதையும் கடல் நமக்குத் தரவில்லை. மரம் போனது போல அவர்களும் போய்விட்டார்கள்.

நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள்தாம். ரஜூலா கப்பலை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இன்னும் இருக்கலாம். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்தக் கப்பல், நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நெடுங்காலம் நம் மக்களை ஏற்றிச் சென்றது. அது மூழ்கவில்லை, 1974ஆம் ஆண்டில் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். ஆகையால் அதைத் தேடி எந்த முக்குளிப்பாளரும் இறங்கப் போவதில்லை. அதில் வந்தவர்களின் அடையாளம் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பழைய கடப்பிதழ், சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், ஒரு பித்தளைச் செம்பு. அவற்றைக் குப்பையில் போடாதீர்கள். கறையான் அரிக்காமல் உயரத்தில் வையுங்கள். யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்ல, பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும்.

அடுத்த முறை தேக்காவுக்குப் போகும்போது, கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் போய் வாருங்கள். நம்மைப் போன்ற குடும்பங்களின் சாமான்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் வீட்டிலும் இதைப் போல் ஒன்று இருக்கிறதே என்று பிள்ளை சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே போகலாம்.

வீடு திரும்பியதும் அடுக்களையில் இருக்கும் அந்தப் பீங்கான் தட்டை எடுத்துப் பாருங்கள். அது யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள். தட்டு எழுநூறு ஆண்டு இருக்கும். சொல்லத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.